ஐஎன்ஜியா, ஹேவிங்கா? முதலில் ஆளைப் பாருங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: ‘ஆங்கிலத்தில் எழுதினால் என் வாக்கியங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. “ஐ ஃபினிஷ்ட் த ரிப்போர்ட். ஐ சென்ட் இட் டு த மேனேஜர்” என்பதுபோல. பார்ட்டிசிப்பிள் வைத்து இணைக்கச் சொல்கிறார்கள். எங்கே ஐஎன்ஜி, எங்கே ஹேவிங் என்று பிடிபடவில்லை.’

தமிழில் இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். ‘அறிக்கையை முடித்துவிட்டு மேலாளருக்கு அனுப்பினேன்’ என்பதில் ‘முடித்துவிட்டு’ வினையெச்சம், ‘அனுப்பினேன்’ வினைமுற்று. ‘ஃபினிஷிங்’, ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’ போன்ற வினை வடிவமான பார்ட்டிசிப்பிளுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான்.

மனதில் ‘முடித்துவிட்டு’ என்று ஓடினால் பெரும்பாலும் ஹேவிங் பொருந்தும்: ‘ஹேவிங் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட், ஐ சென்ட் இட் டு த மேனேஜர்.’ ‘சிரித்துக்கொண்டே’ என்பதுபோல இரண்டு செயலும் கூடவே நடந்தால், அல்லது ஒன்றையொன்று உடனே தொட்டு வந்தால், ஐஎன்ஜி: ‘ஓப்பனிங் த டோர், ஷி சா த லெட்டர்.’ ‘தெரியாததால்’ என்றால் முன்னால் ஒரு நாட்: ‘நாட் நோயிங் த ஆன்சர், ஹி கெப்ட் கொயட்.’ செயப்பாட்டுப் பொருளுக்கு வினையின் மூன்றாம் வடிவம்: ‘ரிட்டன் இன் எ ஹரி, த லெட்டர் ஹேட் மெனி மிஸ்டேக்ஸ்.’

சரி, வடிவம் இவ்வளவுதான். நான் திருத்தும் தாள்களில் அதிகம் சறுக்குவது வேறு இடத்தில். ‘வீட்டுக்கு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது’ என்கிறோம். நடந்தது யார் என்று சொல்லவே இல்லை, ஆனாலும் தமிழில் குறையில்லை. அதையே ‘வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் மழை நடந்து வந்ததாகிவிடும். காற்புள்ளிக்குப் பிறகு வரும் எழுவாய் எதுவோ, முதல் செயலும் அதன் தலையில்தான் விழும்.

ஆகவே எழுதியதும் காற்புள்ளியைத் தாண்டி வரும் எழுவாயைப் பார்த்து, ‘இதைச் செய்தது நீயா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால் விட்டுவிடலாம்: ‘வாக்கிங் ஹோம், ஐ காட் வெட்.’ இல்லையென்றால் பார்ட்டிசிப்பிளை வற்புறுத்த வேண்டாம், ‘ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் ஹோம், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்பதே நல்ல ஆங்கிலம்.

அப்புறம், அலுவலகக் கடிதம் என்றாலே செயப்பாட்டுவினைக்குக் கை போகும். உங்கள் வாக்கியத்தையே ‘ஹேவிங் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட், இட் வாஸ் சென்ட் டு த மேனேஜர்’ என்று எழுதிவிடாதீர்கள். அறிக்கை தன்னைத்தானே முடித்துக்கொண்டதாக அர்த்தமாகும். காற்புள்ளிக்குப் பிறகு எழுவாயாக ‘ஐ’ வர வேண்டும், வினையும் ‘ஐ சென்ட் இட்’ என்று செய்வினையாக வேண்டும்.