தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். ஷூ தேயாமலும் மழையில் ஊறாமலும் காப்பது எப்படி?

மூன்று நான்கு மாதத்தில் ஷூவின் அடிப்பாகம் போய்விடுகிறது, மழை வந்தால் நனைந்து நாறுகிறது, இரண்டுக்கும் என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆறு வருடமாக வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். முதல் வருடம் மட்டும் மூன்று ஜோடி ஷூவைக் காலி செய்தேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

தேய்மானம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குக் காட்டியவர் எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவர். மூன்றாவது ஜோடியைக் கொண்டுபோய், சோல் மாற்ற வேண்டும் என்று நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். குதிகால் புதுசாகவே இருந்தது. பெருவிரலுக்குச் சற்றுக் கீழே, குறுக்காக இரண்டு வரிசையில், எலி கொறித்தது மாதிரி குழிகள். கட்டைவிரலால் அதைத் தடவிவிட்டு "சைக்கிளா?" என்றார். ஆமாம் என்றேன். "பெடல்ல பல்லு இருக்குதா? அதுதான் தின்னுது சார். புது சோல் போட்டா அதையும் தின்னும். மொதல்ல பெடலை மாத்துங்க." கைக்கு வந்த வேலையைத் தானே தள்ளிவிட்ட மனிதர்.

இப்போது விற்கும் கியர் சைக்கிள் பலவற்றிலும் பெடலைச் சுற்றிப் பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கும். கால் வழுக்காமல் இருக்கத்தான் அந்தப் பல். கெட்டியான ரப்பர் அடி என்றால் தாங்கும். அலுவலக ஷூவின் மெத்தென்ற அடி தாங்காது. பழைய கருப்புச் சைக்கிளில் இரண்டு ரப்பர் கட்டை வைத்த பெடல் இருக்குமே, அதைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள்களில் பெரும்பாலும் 9/16 அங்குல மரைதான். ஆனாலும் பழைய பெடலைக் கையோடு எடுத்துப் போனால் சந்தேகமே இல்லை. கழற்ற 15 மி.மீ. ஸ்பானர் வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கமானாலும் ஸ்பானரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தைப் பார்க்கத் தள்ளினால் கழலும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை: தோல் அடி வைத்த ஷூவோ, லாடம் அடித்த ஷூவோ ரப்பர் பெடலில் ஈரத்தோடு சேர்ந்தால் சறுக்கும். சைக்கிளுக்கு ரப்பர் அடி ஷூதான் சரி.

மற்ற தேய்மானங்கள் சின்னவை. குதிகாலை உள்பக்கம் திருப்பி மிதிக்கிற பழக்கம் இருந்தால் பெடலைத் தாங்கும் கிராங்க் கம்பி உரசி, கணுக்கால் பக்கம் பாலிஷ் வட்டமாகப் போய்விடும். சிக்னலில் கால் நுனியைத் தரையில் தேய்த்து நிறுத்துவது இன்னொன்று. அதற்கு மருந்து புது பிரேக் கட்டை. வலது கால் லேஸ் செயினில் போய் மாட்டாமல் நாக்குக்குள் செருகிவிடுங்கள். அறுந்தால் லேஸோடு போயிற்று. சுற்றிக்கொண்டால் நீங்களும் சைக்கிளோடு சாய்வீர்கள்.

அப்புறம் மழை. இதில் ரொம்ப நாள் நானும் ஏமாந்தேன். ஒருநாள் மழை விட்டு அரைமணி கழித்துத்தான் கிளம்பினேன். வீடு வந்து பார்த்தால் சட்டையில் ஒரு சொட்டு இல்லை, ஷூ மட்டும் பிழிந்தால் தண்ணீர் வரும் நிலை. அப்போதுதான் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். டயர் தரையைத் தொட்டு எழும் இடத்திலேயே தண்ணீர் பின்பக்கமாகப் பீய்ச்சியடிக்கிறது. நேராக அது வந்து விழும் இடத்தில்தான் நம் இரண்டு காலும் மாறி மாறிக் கீழே வருகிறது. என் சைக்கிளில் மட்கார்டு இருந்தது, ஆனால் பாதி சக்கரத்தோடு முடிந்துவிட்டது. முதுகையும் முகத்தையும் காப்பாற்றும், காலைக் காப்பாற்றாது.

எங்கள் சைக்கிள் கடைக்காரர் அதை மக்காடு என்பார். விஷயத்தைச் சொன்னதும் பழைய லாரி ட்யூபில் ஒரு பட்டி வெட்டினார். மேலே குறுகி, கீழே உள்ளங்கை அகலத்துக்கு விரியும்படி வெட்டி, முன் மக்காட்டின் கீழ் நுனியில் இரண்டு ஓட்டை போட்டு போல்ட்டு நட்டு வைத்து முடுக்கினார். பட்டிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் வைத்துப் பார்த்தார். அதற்கு மேலே தூக்கினால் தண்ணீர் அடியில் புகுந்து காலுக்கு வரும், இன்னும் இறக்கினால் வேகத்தடையில் இடித்து மடங்கும். எனக்கு 40 ரூபாய் ஆனது. இந்த ஒரு வேலைக்குப் பிறகு ஷூ நனைவது பாதிக்கும் கீழே போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் பால்காரர் சைக்கிளில் இதெல்லாம் முதலிலிருந்தே இருக்கிறது: முழு மக்காடு, அதன் நுனியில் ரப்பர் நாக்கு, கிரீஸ் படாமல் செயின் கவர், ரப்பர் கட்டை பெடல். கியர் சைக்கிளை அழகுபடுத்துகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியவர்கள் ஷூவைப் பற்றி நினைக்கவில்லை. நாம் காசு கொடுத்துத் திரும்ப மாட்டுகிறோம்.

ஷூவுக்கு மேலே போடும் உறைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். மெல்லிய சிலிக்கான் உறை பல் பெடலில் ஒரே வாரத்தில் கிழிந்தது. அடியில் தடித்த ரப்பரும் ஜிப்பும் வைத்த மழை உறை பரவாயில்லை, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும். போடுவதானால் மழை பேன்ட்டின் கீழ்நுனி உறையின் வாயை மேலே மூடியபடி வர வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. பேன்ட்டை உறைக்குள் செருகினால் காலில் வழியும் தண்ணீரெல்லாம் ஷூவுக்குள்தான் போய் நிற்கும்.

சென்னையின் ஒரு வருட மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் நான் உறையோடு மல்லுக்கட்டுவதில்லை. தோல் ஷூ அலுவலக மேசைக்கடியில் கிடக்கும், சாலையில் பின்பட்டி வைத்த ஃப்ளோட்டர்ஸ். ஹவாய் செருப்பு வேண்டாம், ஈரப் பெடலிலிருந்து நழுவிப் போகும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். அது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. எலிக் காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். போய்ச் சேர்ந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டுத்தான் நான் சீட்டில் உட்காருவேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஷூ நனைந்துவிட்டால், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடையுங்கள். உள் அட்டையை உருவித் தனியாகக் காயவையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணித்து, ஒருமணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். பிறகு ஃபேன் காற்று. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், பசையும் விட்டுப்போகும். நன்றாகக் காய ஒருநாள் முழுக்க ஆகும், அதனால் இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. மழைக்காலத்துக்கு முன் டப்பாவில் வரும் மெழுகு பாலிஷை இரண்டு முறை பூசித் தேய்த்தால் சின்னத் தூறல் உருண்டு ஓடும். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னவர் பேச்சையும் ஒருமுறை கேட்டேன். சாலைப் புழுதி முழுக்க என் ஷூவில்தான் அப்பியது.

நல்ல ஷூ வீணாகக் கூடாதென்று பெட்டிக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். பாலியூரித்தேன் அடி சும்மா கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தில் உளுத்துவிடும். இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த ஜோடியை உறவினர் கல்யாணத்துக்குப் போட்டுப் போனேன். மண்டபத்து வாசலிலிருந்து பந்தி வரைக்கும் ரவை ரவையாக உதிர்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

உங்களுக்கு இந்த வாரமே மழை வரும்போல் இருந்தால் ட்யூப் பட்டியை முதலில் போடுங்கள். பெடல் சம்பள நாள் வரை காத்திருக்கும்.