பிரேம் மூலை ஏன் விரிகிறது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த சில்வர் ஓக் சட்டத்தில், 8-க்கு 10 இஞ்ச் படத்துக்கு பிரேம் செய்தேன். சேலம் வெயிலில் மூலைகள் உள்பக்கமாக விரிந்துவிட்டன. அதிகச் செலவில்லாமல் எப்படிச் செய்வது?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: உள்பக்கம் விரிந்தால், மரம் சரியாகக் காயவில்லை. மலை ஈரம் ஏறிய சட்டம் கீழே வந்ததும் அகலத்தில் சுருங்கும். நீளம் பெரிதாக மாறாது. அதனால் 45 டிகிரி வெட்டின் கோணமே மாறிவிடுகிறது. வீட்டு நிழலில் சில வாரம் காற்றாட அடுக்கிவைத்த பிறகே அறுங்கள். இதில் மட்டும் அவசரம் கூடாது.

1 இஞ்ச் அகலச் சட்டத்தின் பின்னால், வெளிவிளிம்போடு சேர்த்து முக்கால் இஞ்ச் பட்டியை ஒட்டினால் கண்ணாடி உட்காரக் கால் இஞ்ச் படி கிடைக்கும்; மெஷின் வேண்டாம். கண்ணாடிக்கு அரைக்கால் இஞ்ச் தளர்வு விட்டு, வெளி நீளம் 9⅝ இஞ்சில் இரண்டு, 11⅝ இஞ்சில் இரண்டு. சேதாரத்தோடு 4 அடி போதும். எதிரெதிர்த் துண்டுகள் மயிரிழை வேறுபட்டாலும் மூலை பொருந்தாது; ஜோடியாகப் பிடித்து உப்புத்தாளில் தேயுங்கள்.

வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முதலில் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கெட்டியாக இன்னொரு பூச்சு. சணல் கயிற்றைச் சுற்றி முறுக்கி, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்து, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.