எங்கள் பகுதிப் பிள்ளைகள் மனம் சோர்ந்து கிடக்கிறார்கள். இளைஞர் மன்றத் தலைவராக நான் என்ன செய்ய முடியும்?

மூன்று பையன்கள் மன்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள், கூப்பிட்டு அறிவுரை சொல்லியும் பலனில்லை, கையில் கொஞ்சம் நன்கொடைப் பணம் இருக்கிறது, மனநல முகாம் ஒன்று நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அறிவுரை சொன்னவன்தான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. உளவியல் படித்தவனும் இல்லை. 11 வருடமாக ஒரு கைப்பந்துக் குழுவையும் அதோடு சேர்ந்த மாலை வகுப்பையும் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. "படிக்காத ஆளெல்லாம் மனநலம் பேசலாமா" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: எங்களைப் போன்ற இடங்களுக்கு படித்தவர்கள் எப்போது வந்தார்கள்?

எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பையனுக்கு அப்போது 17 வயது. இரண்டு மாதமாக அவனுக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. வருவான், ஓரமாக உட்காருவான், இருட்டுவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவான். அப்பாவுக்கு வேலை போனது, பரீட்சையில் இரண்டு பாடம் போனது எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் பிடித்து உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர், இந்த வயதில் இதெல்லாம் ஒரு கவலையா, ஆம்பளைப் பையன் தைரியமாக இருக்க வேண்டாமா. நீங்கள் உங்கள் பையன்களிடம் என்ன சொல்லியிருப்பீர்களோ, ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பேன். "சரிண்ணா" என்றான். எனக்கும் நிம்மதியாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து, தன் ஷூவைக் கொண்டுவந்து குழுவில் இருந்த சின்னப் பையன் ஒருவனிடம் கொடுத்தான். மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய ஷூ அது. லேஸைக் கழற்றித் துவைத்து மறுபடி கோர்த்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருந்தான். சின்னவனுக்கு அது இரண்டு அளவு பெரிசு. நான் எல்லோரையும் கூப்பிட்டு, "பாருங்கடா, இதுதான் மனசு" என்று கைதட்டச் சொன்னேன். அத்தனை பேரும் தட்டினார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆசையாக வைத்திருந்த பொருளைத் திடீரென்று யாருக்காவது கொடுத்துவிடுவது தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. இதற்கான பயிற்சிக் கையேடு எதைத் திறந்தாலும் இருக்கும். நான் அதுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

மூன்றாம் நாள் இரவு அந்தச் சின்னவன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். "அண்ணா, அவன் சைக்கிளையும் என்னையே வச்சுக்கச் சொல்றான். எனக்கு பயமா இருக்கு." 11 வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

உடனே போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை எதையும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலே சரியாக வரவில்லை. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. நேராகக் கேட்பது பலருக்குப் பாரத்தை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது. வெகுநேரம் அவன் பேசவில்லை. அப்புறம் "தினமும்ணா" என்றான்.

அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை. அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது அவனுக்குத் தெரியாமல் அல்ல. "அம்மாகிட்ட சொல்லப்போறேன், நீயும் கூட இரு" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். ஆபத்தாக இருக்கக்கூடியவற்றையெல்லாம் அந்த அம்மா வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினார். காலையில் மூன்று பேருமாக மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.

கூடப் போனதற்குக் காரணம் என் நல்ல மனசு இல்லை. முந்தைய வருடம் நான் செய்த ஒரு தப்பு. மாலை வகுப்புக்கு வந்த ஒரு பெண் பிள்ளை தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் இளைத்துக்கொண்டே வந்தாள். ஒரு சீட்டில் மருத்துவமனையின் பெயரும் டாக்டர் வரும் கிழமையும் எழுதிக் கொடுத்து, "போய்ப் பாரும்மா" என்று அனுப்பினேன். கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவள் இரண்டு பேருந்து மாறிப் போயிருக்கிறாள். பதிவு செய்கிற இடத்தில் இருந்தவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மனநலப் பிரிவா? உனக்கா? கூட யாரு வந்திருக்கா?" என்றிருக்கிறார். கூட யாருமில்லை. திரும்பி வந்துவிட்டாள். சீட்டை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் போக அவள் சம்மதிக்கவே இல்லை.

அனுப்பிவைப்பது வேறு, கூட்டிக்கொண்டு போவது வேறு. நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

பையன் விஷயத்தில் அதற்குப் பிறகு நடந்ததும் முக்கியம். மாத்திரை பலன் தெரிய மூன்று நான்கு வாரமாகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டாவது வாரத்திலேயே "இது வேலைக்காகாதுண்ணா" என்று நிறுத்தப் பார்த்தான். அந்த இடைவெளியில்தான் ஆள் வேண்டும். டாக்டர் இருப்பது வாரத்தில் ஒரு நாள், மீதி ஆறு நாள் நாம்தான் இருக்கிறோம். டாக்டர் சொன்னபடி, ஸ்கோர் எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் அவன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதினான்: மனசு இருண்டு வருவது எப்படித் தெரியும், அப்போது தனியாக என்ன செய்வேன், யாரோடு போய் இருப்பேன், நள்ளிரவானாலும் யாரைக் கூப்பிடுவேன். கடைசி வரியில் மூன்று பெயர். என் பெயர் இரண்டாவது. முதல் பெயர் அவன் அத்தை. 7 மாதத்தில் 19 தடவை மருத்துவமனைக்குப் போனான். 14 தடவை நான் கூட இருந்தேன், மற்ற நாட்களில் அத்தை. டாக்டர் அறைக்குள் நான் போனதே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் என்ன பேசினாய் என்று கேட்டதுமில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரின் பராமரிப்பில் இருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் 15 டாலர் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்திருக்கவில்லை. அந்த அடியிலிருந்துதான் 2006-இல் ஹராரே நகரத்தின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் உண்டு, ரொம்ப யோசிப்பது என்று அர்த்தம். நம் வீடுகளில் "எதையோ யோசிச்சுக்கிட்டே இருக்கான்" என்று சொல்வோமே, அதேதான். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. அந்தப் பாட்டிமார்கள் டாக்டர்கள் இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள், தங்களால் முடியாததை மேலே அனுப்பத் தெரிந்தவர்கள். "நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று கிளம்புகிற தலைவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான். 

இன்னொன்றும் சொல்கிறேன். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட ஒரு விஷயம், தன்னை விட்டுவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆசிரியராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தாலும் போதும்.

அதனால்தான் "பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை" என்று யாராவது மேடையேறினால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் இடத்தில் ஒரு அமைப்பு ஒருநாள் முகாம் நடத்தியது. பேனர் கட்டினார்கள், எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்கள், பிறகு "யாருக்காவது கஷ்டம் இருந்தால் மேடைக்கு வந்து மனம்விட்டுப் பேசுங்கள்" என்றார்கள். ஒரு பெண் பிள்ளை வந்து அழுதாள். அதைப் படம் எடுத்தார்கள். மாலையில் வண்டியேறிப் போய்விட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. முகாம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்லவர்கள் நடத்துவதும் இருக்கும். நான் பார்த்தது இது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? எங்கள் மைதானத்தில் பாதியை வண்டி நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். ஆறு மனு கொடுத்தாயிற்று. விளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு மணிக்கு மேல் பிள்ளைகள் ஒன்றாக இருக்க இப்போது இடமே இல்லை. ஒவ்வொருவனும் ஒரு மூலையில் போனை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். மைதானத்தை எடுத்துக்கொண்டவர்களே விழா மேடையில் இளைஞர் நலனைப் பற்றிப் பேசும்போது நான் எழுந்து வந்துவிடுவேன். மரியாதைக் குறைவு என்று சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

உங்களிடம் யாராவது "அண்ணா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால் சத்தியம் செய்துவிடாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். மற்றபடி கேட்டது உங்களோடு இருக்கட்டும். மன்றத்தின் செயலாளரிடம்கூட வேண்டாம். உங்களுக்கும் மனசு கனக்கும், அதற்கு ஒரு ஆளை இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துவைக்காமல் நான்கு மாதம் தூக்கத்தைத் தொலைத்தேன்.

அந்த நன்கொடைப் பணத்தை முகாமுக்குப் போடாதீர்கள். மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு, பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் சேர்த்து, குறைந்தது ஆறு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். கூடப் போகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவார், அதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வராமல் போன அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பாமல், நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். மூன்று பேரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒரு மாலை.