கல்வெட்டு பொய் சொல்லுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லில் வெட்டியதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு கல்வெட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு குரல்கள் இருக்கும். முதலில் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் பாடும் முன்னுரை. 'திருமகள் போல' என்று தொடங்கி வெற்றிகளை அடுக்கும் வழக்கம் முதலாம் ராஜராஜன் காலத்தில் நிலைபெற்றது. அதில் தோல்வியைத் தேடாதீர்கள். எந்த அரசன் தன் தோல்வியைக் கல்லில் வெட்டச் சொல்வான்? அதற்குக் கீழே கோயில் விளக்கு எரிய எத்தனை ஆடு தானம், எவ்வளவு நெய், நிலத்துக்குக் கிழக்கெல்லை எந்த வாய்க்கால் என்று வரும். படிக்கச் சலிப்பூட்டும் இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஊரறிய எழுதிய கணக்கு அது. எல்லையை மாற்றி எழுதியிருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் சும்மா விட்டிருப்பாரா?

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்வெட்டே சொல்கிறதாமே?

முதலாம் ராஜராஜனின் அண்ணனான இந்தச் சோழ இளவரசனைக் கொன்றவர்களின் பெயர்களைச் சொல்கிறது, உண்மைதான். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. ஆனால் இது கொலை விசாரணை அறிக்கை அல்ல. துரோகிகள், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் சொத்து பற்றிய ஆவணம். கொலை எங்கே நடந்தது, எதற்காக, பின்னால் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

அப்புறம் ஊகம் தொடங்குகிறது. ரவிதாசனின் பட்டம் 'பஞ்சவன் பிரமாதிராஜன்'. பஞ்சவன் என்றால் பாண்டியன், ஆகவே பாண்டிய நாட்டுச் சதி என்பார்கள். பரமேசுவரனின் பட்டமோ 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. அதே கணக்கில் அவரைச் சோழர் பக்கம் சேர்க்க வேண்டும்! பட்டத்தை வைத்துக் குற்றவாளியின் கட்சியைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சான்று திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் விண்ணுலகைக் காண விரும்பி மறைந்தான் என்று மட்டும் அது சொல்கிறது. கொலை என்ற பேச்சே இல்லை. அது ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுச் சாசனம். சம்பவத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதுவும் அரசவைப் புலவர் பாடியது. மௌனத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்தை வைத்து, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றுவது நாவலாசிரியரின் உரிமை, வரலாற்று மாணவருடையது அல்ல.

அரசன் பெயர் பழையது, எழுத்து வடிவம் பிற்காலத்தது. அப்படியானால் போலியா?

அவசரப்படாதீர்கள். கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்து மறுபடி வெட்டுவது உண்டு. திருமழபாடியில் ராஜராஜன் ஆணைப்படி விமானத்தைப் பிரித்தபோது கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்து, ராஜேந்திரன் காலத்தில் மீண்டும் வெட்டினார்கள். சில இடங்களில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' (பழைய கல்வெட்டின் நகல்) என்று நேர்மையாகவே சொல்லிவிடுவார்கள். போலிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. படியெடுப்பில் பிழை நுழைந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கீழடியில் கி.மு. 580 என்பது பானை எழுத்தின் வயதா?

இல்லை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் வயது. எழுத்துள்ள பானை ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில், கலையாமல் கிடந்தன என்பதை அகழாய்வாளர் காட்டினால்தான் அந்த வயது ஓட்டுக்கும் பொருந்தும். எலி வளையும் பிற்காலக் குழியும் இதில் பெரிய வில்லன்கள்.

தொண்ணூறு வயதுத் தாத்தாவின் நினைவுகளைப் பதிவு செய்ய ஆசை. எப்படிக் கேட்பது?

'எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள். உங்களைத் திருப்திப்படுத்தவே ஏதாவது ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார். 'நயா பைசா வந்த பிறகா?', 'தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா?' என்று கேளுங்கள். முதலாவது 1957, இரண்டாவது 1964 டிசம்பர். உங்களுக்கு வேண்டிய வருஷம் தானே பிடிபடும். அதே சம்பவத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி சொல்லச் சொல்லுங்கள். முதல் பதிவை அழித்துவிடாதீர்கள், இரண்டும் வேண்டும். பாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. தாத்தா கதையை நீட்டுகிற இடத்தில் பாட்டியே நிறுத்திவிடுவார்.