தொட்டி தயார், தவளை எங்கே?

அன்புள்ள ஐயா,

நீர்நிலைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். தவளைகள் வரட்டும் என்றே தோட்டத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன். கொசு பெருகும் என்று வீட்டில் பயந்ததால் கொசுப்புழு தின்னும் மீன்களையும் வாங்கி விட்டேன். மழை பெய்தால் சுற்றுவட்டாரத்தில் தவளைச் சத்தம் கேட்கிறது. ஒருமுறை தொட்டியில் முட்டைகளைக்கூடப் பார்த்தேன். ஆனால் ஒரு தலைப்பிரட்டையும் மிஞ்சவில்லை. வேறு ஊரில் ஒரு குளத்தில் தலைப்பிரட்டைகள் மொய்க்கின்றன, ஒரு வாளியில் அள்ளிவந்து விட்டுவிடலாம் என்கிறார் நண்பர். உலகமெங்கும் தவளைகள் குறைந்துவருவதாகப் படிக்கிறேன். நம்மால் முடிந்த உதவியாக இருக்கட்டுமே என்று தோன்றுகிறது. செய்யலாமா?

தவளை இருந்தால் கொசு குறையும் என்பது உண்மையா? தேரையைத் தொட்டால் மரு வரும் என்று பிள்ளைகளை மிரட்டுகிறார்கள், அதையும் சொல்லுங்கள். வீட்டில் நாய் வேறு இருக்கிறது.

அன்புடன்,
மா.

*

அன்புள்ள மா.,

முதலில் அந்த வாளியைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் தொட்டிக்குத் தவளை வராமல் இல்லை. வந்திருக்கிறது, முட்டையும் இட்டிருக்கிறது. பொரித்ததை மீன் தின்றுவிட்டது, அவ்வளவுதான். கொசுப்புழுவைத் தின்கிற மீன் தலைப்பிரட்டையைப் பார்த்து ஒதுங்கியா போகும்? காம்பூசியா என்ற சின்ன மீனைக் கொசு ஒழிப்புக்காகவே கடந்த நூற்றாண்டில் நாடுநாடாகக் கொண்டுபோய் விட்டார்கள். போன இடங்கள் பலவற்றில் தலைப்பிரட்டைகளுக்கு அது எமனாகிவிட்டது.

மீனை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் உயரத்தில் உள்ள ஏரிகளில் பெரும்பாலானவற்றில் இயல்பாக மீனே கிடையாது. தூண்டில் போடுபவர்களுக்காக அவற்றில் ட்ரவுட் மீன்களை விட்டார்கள். மஞ்சள் கால் மலைத்தவளைகள் நிறைந்திருந்த ஏரிகள் அவை. மீன் வந்த பிறகு தவளை போயிற்று. பிற்பாடு ஆய்வாளர்கள் சில ஏரிகளில் வலைபோட்டு மீன்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே தவளைகள் பல மடங்கு பெருகிவிட்டன. (பின்னால் அங்கேயும் ஒரு பூஞ்சை நோய் புகுந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.)

தவளைக்கு வற்றாத தண்ணீர் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கக் காளைத்தவளை போன்ற சிலவற்றுக்கு அது சரி. அதன் தலைப்பிரட்டை வளர ஓராண்டு, குளிர்ந்த இடங்களில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் ஏராளமான இனங்களுக்கு வற்றிப்போகிற தண்ணீர்தான் வசதி. சில வாரங்களில் காய்ந்துவிடும் பள்ளத்தில் மீன் நிலைக்க முடியாது. தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்னும் தட்டான் புழுக்களும் குறைவாகவே இருக்கும். அதனால் தவளை அங்கே துணிந்து முட்டையிடுகிறது. ஒரே ஆபத்து வெயில். தண்ணீர் குறைவதை உணர்ந்ததும் பல இனத் தலைப்பிரட்டைகள் வளர்ச்சியை முடுக்கிவிட்டு, உடம்பு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்று காலை முளைக்கவைத்துக் கரையேறிவிடுகின்றன. வட அமெரிக்கப் பாலைவனங்களில் ஒரு தேரை இருக்கிறது. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கடினமான விளிம்பு, அதை வைத்து மண்ணைத் தோண்டி உள்ளே போய் ஆண்டின் பெரும்பகுதியைப் புதைந்தே கழிக்கும். மழை விழுந்த இரவே வெளியே வந்து முட்டையிடும். சூடான குட்டையில் முட்டை தேரைக்குஞ்சாவதற்கு எட்டு, பத்து நாள் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆப்பிரிக்கக் காளைத்தவளை. அதில் தகப்பன்தான் தலைப்பிரட்டைகளுக்குக் காவல். அவை கிடக்கும் பள்ளம் வற்றத் தொடங்கினால் பக்கத்தில் உள்ள பெரிய குட்டைவரை சேற்றில் வாய்க்கால் வெட்டிவிடும். பிள்ளைகள் அதன் வழியே நீந்திப் போய்விடும். பசித்தால் அந்தப் பிள்ளைகளில் சிலவற்றை அதே தகப்பன் விழுங்குவதும் உண்டு. ரொம்பவும் உருகிவிட வேண்டாம்.

மனிதர்கள் அதிகம் அழிப்பது இந்த மாதிரிப் பள்ளங்களைத்தான் என்பதால் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். ஏரியைத் தூர்த்தால் நாலு பேர் கேட்பார்கள். ஒரு மழைக்குட்டையை நிரவினால் 'இடம் சுத்தமாயிற்று' என்று பாராட்டுத்தான் கிடைக்கும். அதோடு தண்ணீர் பாதிக் கதைதான். முட்டையிடும் காலம் போக, பல தவளைகள் கரையில்தான் வாழ்கின்றன: சருகுக்கு அடியில், கல்லிடுக்கில், மரப்பொந்தில். குட்டைக்கும் அந்த இடத்துக்கும் நடுவே சாலை போட்டால் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தும் தவளை இருக்காது. 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் 8,011 நீர்நில வாழ்வி இனங்களைப் பார்த்தார்கள். 40.7 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன. மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பரவலானது வாழிட இழப்பு.

இனி வாளிக்கு வருவோம். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை ஒன்று உண்டு. 1990களின் கடைசியில்தான் அதை அடையாளம் கண்டார்கள். தவளை தோலால் மூச்சு விடுகிறது, தோலால் தண்ணீரும் உப்பும் வாங்கிக்கொள்கிறது. பூஞ்சை அந்தத் தோலைக் கெடுத்தால் இரத்தத்தில் உப்புச்சத்து குலைந்து இதயம் நின்றுவிடும். குறைந்தது 501 இனங்களின் சரிவில் இதற்குப் பங்கு உண்டு, அவற்றில் 90 இனங்கள் முற்றாக அழிந்திருக்கக்கூடும் என்கிறது 2019இல் வந்த ஆய்வு. பூஞ்சை பிடிப்பது கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம்) உள்ள தோலை. தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயில் மட்டும்தான். ஆகவே நோய் தொற்றிய தலைப்பிரட்டை பெரும்பாலும் சாகாது, துறுதுறுவென்று நீந்தும். உங்கள் நண்பர் அள்ளப்போகும் வாளியில் என்ன இருக்கிறது என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. தலைப்பிரட்டையே இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றினாலும் போதும், பூஞ்சையின் வித்துகள் அதில் நீந்தி வந்துவிடும்.

இது எப்படி உலகம் சுற்றியது என்பதில் தவளை வணிகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. செல்லப்பிராணியாக வளர்க்க, தின்ன, ஆய்வுக்கூடத்தில் அறுக்க என்று தவளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பினோம். கர்ப்பம் பார்ப்பதற்குக்கூட அனுப்பினோம்! லான்சலாட் ஹாக்பென் என்ற ஆய்வாளரின் பணியைத் தொடர்ந்து 1930களில் வந்த முறை அது. பெண்ணின் சிறுநீரைத் தென்னாப்பிரிக்க நகத்தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளுக்குள் தவளை முட்டையிட்டுவிடும். 1960கள் வரை ஆயிரக்கணக்கில் கப்பலேறின. தப்பியும் விடப்பட்டும் கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ் என்று பல இடங்களில் அவை குடியேறிவிட்டன. அந்தத் தவளை பூஞ்சையைச் சுமந்தாலும் எளிதில் சாவதில்லை. பூஞ்சை தோன்றியது கிழக்கு ஆசியாவாக இருக்கலாம் என்று 2018இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆனால் இடம்விட்டு இடம் போன ஒவ்வொரு தவளைப் பெட்டியும் அதற்கு ஒரு வண்டிதான். 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க என்று ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரைகளைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். வண்டு அப்படியே இருக்கிறது, தேரைதான் கண்டத்தின் வடக்குப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது.

வாளியோடு அலைகிற எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. பிரிட்டனில் வசந்தகால இரவுகளில் தேரைகள் கூட்டமாகத் தம் குளத்துக்குப் போகும்போது தன்னார்வலர்கள் அவற்றை வாளியில் எடுத்துச் சாலையைக் கடக்க வைக்கிறார்கள். அது நல்ல காரியம். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே விடுகிறார்கள் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான்.

கொசு விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. வளர்ந்த தவளைக்கு எறும்பு, கரையான், வண்டு எல்லாம்தான் சாப்பாடு. கொசு அதற்குக் கொறிப்பு மாதிரி. ஆனால் சில இனத் தலைப்பிரட்டைகள் கொசுப்புழுவைத் தின்னும், வேறு சில அதன் உணவுக்குப் போட்டியாக இருக்கும். கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் மேலே சொன்ன பூஞ்சையால் தவளைகள் சரிந்த பகுதிகளில் அடுத்த சில ஆண்டுகள் மலேரியா கூடியிருந்தது என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய அளவில் தவளைக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஒரு தொட்டி அளவில் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அதனால் மீனை எடுங்கள். அதைக் குளத்திலோ ஓடையிலோ விட்டுவிடாதீர்கள், வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள். தவளை முட்டையோ தலைப்பிரட்டையோ இல்லாத நாட்களில், கொசு முட்டை பெரிய கொசுவாவதற்குள், வாரம் ஒருமுறை தொட்டியைக் காயவிட்டு நிரப்பினால் வீட்டில் இருப்பவர்களின் பயமும் தீரும். சிமெண்ட் தொட்டியில் இன்னொரு கோளாறு உண்டு: செங்குத்துச் சுவர். வால் சுருங்கி மூச்சுக்குத் தவிக்கும் குஞ்சுக்கு அதில் ஏறத் தெரியாது, மூழ்கிச் செத்துப்போகும். ஒரு மூலையில் கற்களை அடுக்கிச் சரிவு போடுங்கள். சுற்றிக் கொஞ்சம் சருகு கிடக்கட்டும், பூச்சிமருந்து அந்தப் பக்கமே வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் சத்தம் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருவதற்கு ஆள் இருக்கிறது.

மரு வருவது மனிதர்களிடையே பரவும் ஒரு வைரஸால், தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் தொட நேர்ந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடட்டும். கையில் கொசு களிம்போ சோப்போ இருந்தால் தவளைத் தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். விட்ட பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள புடைப்பில் நஞ்சு இருக்கிறது. நாய் கவ்வினால் அது வேலைசெய்யும். வாயில் நுரை தள்ளினால் வாயைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி கழுவி, ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.