மலையை நடுவில் வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். போன மாதம் டெங்கு பற்றி ஒரு சுவரொட்டி செய்து எங்கள் வாசிகசாலைச் சுவரில் ஒட்டினேன். படம் இணைத்திருக்கிறேன். மேலே எல்லா மாவட்டங்களின் நோயாளர் எண்ணிக்கையும் பட்டைகளாக இருக்கிறது. அதன் கீழே யாழ்ப்பாணத்தின் கோடு, ஜனவரி முதல் டிசம்பர் வரை. கடைசியில் எங்கள் கிராமப் படம். நோய் வந்த வீடுகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை. பேப்பர் வாசிக்க வருபவர்கள் ஒருக்கால் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் சனத்துக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாதா, நான் கீறியது பிழையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பிக்கு,

சனத்துக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும். என் மகளின் கிளினிக் கொப்பியை அம்மா கையில் வைத்திருந்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மருத்துவமாது நிறை நிறுத்து, நிற வரிகளுக்கு நடுவே பேனையால் ஒரு புள்ளி போடுவார். அம்மா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். விரலைப் புள்ளி புள்ளியாக நகர்த்திக்கொண்டு வந்து, "போன மாசம் ஏறினது, இந்த மாசம் படுத்திட்டுது, பிள்ளை ஒழுங்காச் சாப்பிடேல்லை" என்றார். அச்சு, அலகு என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தன் பேத்தியின் கோடு என்பது போதுமாக இருந்தது.

உங்கள் சுவரொட்டியில், பேப்பர் வாசிக்க வருகிற ஆள் தன்னை எங்கே பார்ப்பார்? மேலே கொழும்பின் பட்டை பனைமரம் போல நிற்கிறது. நம்முடையது அதன் காலடியில் கிடக்கிறது. பார்க்கிறவர் 'சரி, நமக்குப் பயமில்லை' என்று போய்விடுவார். 2012 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கு மேல், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 5.8 இலட்சம். ஒரு பேச்சுக்கு அங்கே 4,000 பேருக்கும் இங்கே 1,000 பேருக்கும் காய்ச்சல் என்று வையுங்கள். இலட்சம் பேருக்கு எத்தனை என்று பிரித்தால் இரண்டு இடத்திலும் 170 சொச்சம்தான் வரும். அந்தப் பட்டைகள் காட்டுவது பெரும்பாலும் எங்கே சனம் கூட என்பதை. என்னைக் கேட்டால் அந்தப் பகுதியையே எடுத்துவிடுங்கள். வாசிகசாலைக்கு வருகிறவருக்குக் கொழும்பு எதற்கு?

நடுவில் உள்ள கோட்டில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. நமக்கு மழை வடகீழ்ப் பருவத்தில். ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, டெங்கு மார்கழி, தையில் உச்சிக்குப் போகும். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிக்கிற தாளில் இந்த மலை நடுவாலே பிளந்து, ஒரு பாதி இடது ஓரத்திலும் மறுபாதி வலது ஓரத்திலும் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் வெறும் பள்ளம். தென்மேல் பருவமழையோடு ஆண்டின் நடுவில் ஏறுகிற தென்னிலங்கைக்கு அந்தத் தாள் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியுங்கள். மலை முழுதாக நடுவில் எழும்பி நிற்கும். அடியில் தமிழ் மாதங்களையும் எழுதுங்கள். ஏறத் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், புரட்டாதியில், ஒரு அம்புக்குறி போட்டு 'தொட்டி உரஞ்சும் மாதம்' என்று எழுதுங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் காணாது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்காக உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் பட்டதும் பொரித்து, ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகிவிடும்.

அப்புறம் அந்தக் கிராமப் படம். 1854இல் இலண்டனில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் கீறிய படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டு வாசலில் ஒரு சிறு கோடு. நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள். ஆனால் ஸ்னோவின் படத்தில் தெருவிலிருந்த தண்ணீர்ப் பம்புகளும் இருந்தன. சாவுகள் ஒரு பம்பைச் சுற்றிக் குவிந்திருப்பது அப்படித்தான் தெரிந்தது. அவை இல்லாவிட்டால் அது வெறும் சாவுக் கணக்கு. இருபது வீடுள்ள ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குச் சிவப்பு அடித்தால், மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளையோடு யாரும் விளையாட வரமாட்டார்கள். அந்தச் சிவப்பைத் தயவுசெய்து இன்றைக்கே எடுங்கள். பதிலுக்குத் தண்ணீரைக் குறியுங்கள்: பொதுக் கிணறு, கோயில் தொட்டி, வெறும் வளவு, கராஜ் வாசலில் குவிந்த டயர், இளநீர்க் கோம்பை கொட்டுகிற மூலை. கடலோரக் கிராமங்களுக்கு இதே படத்தைக் கொடுப்பதென்றால், பாவிக்காத உவர்க் கிணறுகளையும் சேருங்கள். இந்த நுளம்பின் குடம்பி, அதாவது புழு, உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

நிறத்தை நம்பி மட்டும் எதையும் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தவிர, நல்ல சுவரொட்டி என்றால் பக்கத்து ஊரார் போட்டோக்கொப்பி எடுப்பார்கள். அதில் இரண்டும் ஒரே சாம்பல். குடம்பி கண்ட இடத்துக்கு நிரப்பிய வட்டம், சுத்தமான இடத்துக்கு வெறும் வட்டம்.

தாளின் அடியில் கால்வாசியை வெறுமையாக விட்டு, ஒரு பேனையை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஞாயிறு தோறும் நிலையத்துப் பெடியள் ஊரைச் சுற்றி வந்து, அந்தக் கிழமை குடம்பி கண்ட தொட்டிகள் எத்தனை என்று ஒரு புள்ளி போடட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுப்பார். நாலைந்து புள்ளி சேர்ந்த பிறகு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். புதிய சுவரொட்டியை ஆவணி முடிவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

அன்புடன்.