பத்தாயிரம் கன அடி என்றால் எங்கள் தெருவுக்கு எவ்வளவு?

கேள்வி: மழைக்காலம் வந்தாலே "பூண்டி ஏரியில் 10,000 கன அடி திறப்பு" என்று டிவியில் ஓடுகிறது. அதைக் கேட்டு நாங்கள் சாமானை மேலே ஏற்றி வைப்பதா, பேசாமல் தூங்குவதா?
*– வாசகி, சடையங்குப்பம், வடசென்னை*

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் முடிவு செய்ய முடியாது. கன அடி என்று அவர்கள் சொல்வது ஒரு நொடிக்கு. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே 10,000 கன அடி என்பது நொடிக்கு நொடி 12,000 லிட்டர் தண்ணி லாரி இருபத்துமூன்றைக் கவிழ்ப்பது மாதிரி. ஒரு நாள் முழுக்க அப்படியே போனால் 864 மில்லியன் கன அடி. பூண்டியின் மொத்தக் கொள்ளளவே 3,231 மில்லியன்தான், மேலிருந்து வரத்து இல்லாவிட்டால் நாலு நாளுக்குள் ஏரி காலி.

ஆனால் உங்கள் வாசலுக்கு வருவது பூண்டித் தண்ணீர் மட்டும் இல்லையே. தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி கொசஸ்தலை ஆறு வரும் வழியில் பெய்கிற மழையும் அதில் சேரும், புழல் ஏரி உபரி நீரும் கால்வாய் வழியாக உங்கள் பக்கம்தான் வந்து விழும். அதனால் பூண்டியைப் பார்க்கிற நேரத்தில் புழலையும் பாருங்கள் (அங்கே நீர்மட்டம் 21.20 அடி வந்தால் ஏரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம்).

அப்புறம், டிவியில் யாரும் சொல்லாத விஷயம் கடல். கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் பின்னுக்குத் தள்ளப்படும், வற்றும்போது அதே அளவு வரத்து சத்தமில்லாமல் கடலுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடுதலாக ஏறும். போதாததற்கு கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு படிந்து கிடக்கிறது. என்னைக் கேட்டால், திறப்பு அறிவிப்போடு எண்ணூரில் கடல் ஏறும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் உங்களுக்கு உருப்படியான தகவல். இப்போதைக்கு அதை மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேட்கலாம், அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

கேள்வி: ஓடுகிற தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்? சும்மா குத்துமதிப்பா?
*– வாசகர், மணலி*

பதில்: குத்துமதிப்பு இல்லை. ஏரியில், மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, அதற்கு மேல் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடலாம். ஆற்றில்தான் வேலை. அகலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளந்து, பெருக்கிக் கூட்டுவார்கள். மேற்பரப்பில் வேகம் அதிகம், தரையோடு குறைவு என்பதால் வேகமானியை மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் இறக்கினால் சராசரி ஓரளவு சரியாகக் கிடைக்கும். தினமும் இப்படிச் செய்ய முடியாது, அதனால் பல உயரங்களில் அளந்து 'இத்தனை அடி நின்றால் இத்தனை கன அடி' என்று அட்டவணை தயாரித்து வைத்துக்கொள்வார்கள், பிறகு பாலத்தூணில் இருக்கும் அளவுகோலைப் பார்த்தாலே போதும். மண் அள்ளினாலோ வண்டல் படிந்தாலோ அட்டவணை பொய்யாகிவிடும், மறுபடி அளக்க வேண்டும். கடல் ஏறி இறங்கும் எண்ணூர் பக்கம் இந்த முறை எடுபடவே எடுபடாது, ஏனென்றால் தண்ணீர் உயர்ந்து நிற்கும், ஓட்டமே இருக்காது.

கேள்வி: நானே சுவரில் கோடு போட்டுக் குறித்து வரலாமா?
*– வாசகர், எர்ணாவூர்*

பதில்: தாராளமாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் உங்கள் பக்கம் பல வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனதே, வெள்ளையடிக்காமல் மிச்சம் இருந்தால் அதையும் முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை ஒரு இடத்தில் வைத்தால் அப்புறம் மாற்றக் கூடாது. உயரத்தோடு மணியையும் கட்டாயம் எழுதுங்கள், மணி இல்லாவிட்டால் ஏறியது ஆறா கடலா என்று பிரிக்க முடியாது. இறங்கி நின்று அளக்க வேண்டாம், மேலிருந்து தெரிகிற மாதிரி பெரிதாகக் கோடு போடுங்கள்.